ஜெகநாதனின் ஆர்டினரி

வாழை இலைகளை ஈரத்துணியால் துடைத்து அடுக்குவது ஜெகநாதனின் வேலை. அரக்கோணம் பார்சல் ஆபீசில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவருக்கு, மனைவி ரஞ்சிதம் மலைக்கோயில் அடிவாரத்தில் புதிதாகத் தொடங்கிய மெஸ்ஸில் அதற்கு மேல் பொறுப்பு தரப்படவில்லை. இலை கிழியாமல் துடைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம். வெளியே சொல்ல மாட்டார். கண் பட்டுவிடும்.

அந்தப் பயத்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்து ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை: ஆர்டினரி. வாலிபத்தில் புது ஸ்கூட்டரை "சூப்பர் வண்டி" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மறுநாளே கே.ஜி.கண்டிகை வளைவில் எருமைமேல் மோதினார். எருமை எழுந்து போய்விட்டது. அவர் ஒரு மாதம் படுத்துக் கிடந்தார். அன்று முதல் எது மனசுக்குப் பிடித்தாலும் ஆர்டினரிதான். பெண் பார்த்துவிட்டு வந்து, "ஆர்டினரியா கீது, நைனா" என்றார். நைனாவுக்கு மகனைத் தெரியும் என்பதால் கல்யாணம் நடந்தது. மகள் சௌமியா பள்ளியில் முதலாவதாக வந்தபோது, "ஆர்டினரி மார்க்குதாங்க" என்று இவர் சொல்லப்போய், நாலு பேர் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த ஞாயிறு, சாமி கும்பிட்டு மலையிலிருந்து இறங்கிய சித்தூர் பஸ் ஒன்று மெஸ் வாசலில் நின்றது. நாற்பது பேர். சாப்பாடு பிடித்தால் மாதாமாதம் இங்கேயே வருவதாகப் பேச்சு. மெஸ் நிலைப்பதே இந்த பஸ்ஸை நம்பித்தான். ரஞ்சிதம் விடியலிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை.

பஸ்ஸில் வந்த கூட்டத்தின் தலைவர் இறங்கிக் கேட்டார்: "சாப்பாடு எப்படிங்க?"

உள்ளிருந்து மிளகு ரசம் மணத்தது. ஜெகநாதனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது, கூடவே பயமும்.

"ஆர்டினரிதாங்க" என்றார் அடக்கமாக.

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பஸ் எதிர் மெஸ்ஸுக்குப் போய்விட்டது.

ரஞ்சிதம் கரண்டியோடு வந்தாள். "இன்னா சொன்னீங்க அந்தாளாண்ட?"

"கண்ணு பட்டுடுமேன்னு..."

"யாரு கண்ணு? நாப்பது பேர் கண்ணும் எதுத்தாப்புல துன்னுகினு கீது. படறதுக்கு இங்க இன்னா மிச்சம்?"

அவரைப் பிடித்து உட்காரவைத்து, சோறு போட்டு ரசம் ஊற்றினாள்.

"துன்னுட்டு சொல்லுங்க. எப்படி கீது?"

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் இப்போதுதான் கேட்கிறாள். ஜெகநாதன் ஒரு வாய் வைத்தார். உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தார். சொல்லி, நாளைக்கு இவள் கைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? விழுங்கிவிட்டால் பதில் சொல்லியாக வேண்டுமே என்று, அந்த ஒரு வாய்ச் சோற்றை மென்றுகொண்டே இருந்தார்.

அவர் விழுங்குவதாகத் தெரியவில்லை. ரஞ்சிதம் கரண்டியை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.