பேர் தெரியாத நாற்றம்

மகளுக்கு நாளைக்கு இன்டர்வியூ. படித்ததை என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் மூணு விதமா கத்துக்கும்மா. நாம பேர் சொல்லிக் குடுத்து கத்துக்கறது ஒண்ணு. பேர் தெரியாமலே, ஒரே மாதிரி கீறத அதுவா பிரிச்சு வெச்சுக்கறது ஒண்ணு. தப்பு பண்ணி, அடிபட்டு கத்துக்கறது ஒண்ணு."

அப்போது ஜன்னல் வழியாக அழுகின முட்டை நாற்றம் வந்தது. பக்கத்து ரசாயனக் கம்பெனிப் பக்கமிருந்து காற்று.

சின்ன வயதில் திருவொற்றியூர் வீட்டிலும் இப்படித்தான் வரும். அது என்ன வாயு என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்களாகவே பிரித்து வைத்திருந்தோம். முட்டை நாற்றம் வந்தால், "முட்டைக்காரன் வந்துகீறான்" என்று சொல்லிவிட்டு அம்மா வேலையைப் பார்ப்பாள். கண் எரிகிற நாற்றம் என்றால் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு எல்லோரும் கடற்கரைக்குப் போய்விடுவோம்.

ஒரு சாயங்காலம் இரண்டும் கலந்து வந்தது.

"முட்டைக்காரன் தான். சோறு வடிச்சிட்டு வரேன், இரு" என்றாள் அம்மா.

கைக்குழந்தையாக இருந்த தம்பி இருமி இருமி நீலமாகிவிட்டான். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினார். பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு எந்த நாற்றம் வந்தாலும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

"இன்னாம்மா, கேக்கறியா?" என்றாள் மகள்.

"மெஷின் தப்பு பண்ணா யாருக்கு அடி படும்?"

"யாருக்கும் படாதும்மா. கம்ப்யூட்டருக்குள்ளயே கேம் மாதிரி ஆடி ஆடி முதல்ல கத்துக்கும்."

"குடுத்து வெச்ச மெஷின்டி" என்றேன்.