நடுச்சுவரில் ஒரு கதவு

நல்ல நேரம் பத்தேகாலோடு முடிகிறது. மஞ்சள் பூசி மாவிலை கட்டிய கதவு நிலை தயாராக நிற்கிறது. அதை வைக்கச் சுவரில் வாசல்தான் இல்லை. முப்பது வருட மேசன் வேலையில் நான் அப்படித் திணறியது அன்றுதான்.

பரிஸில், லா சப்பலில் மரக்கறிக் கடை வைத்திருந்தவர் சிவபாலன் அண்ணை. மனைவி காலமானபின் தனி ஆள். மகள் நிலானி இங்கிலாந்தில் ஒரு பழைய செமி டிடாச்ட் வீட்டில் இருந்தாள். வெளியே நின்று பார்த்தால் ஒரே மாளிகை. உள்ளே நடுச்சுவரால் பிரிந்த இரண்டு வீடு. மற்றப் பாதி விலைக்கு வந்ததும் அண்ணை வாங்கிவிட்டார். நடுச்சுவரில் ஒரு கதவைத் திறந்தால் மகளோடு ஒரே வீட்டில் இருக்கலாம் என்பது அவருடைய ஆசை. பிள்ளை பெறமுன் பேர் வைக்காதே என்பார்கள். அண்ணை ஐயரிடம் நேரம் கேட்டு நிலையும் செய்வித்துவிட்டார். சாமான், நிலை, அண்ணை எல்லாவற்றையும் என் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

விக்டோரியா ராணி காலத்தில் அதைக் கட்டியவர்களின் யோசனை வேறு. இரண்டு வீட்டு வாசலும் இரண்டு அந்தத்தில் இருக்கும். குளிர்காயும் கணப்படுப்புகள் மட்டும் நடுச்சுவரில் முதுகோடு முதுகு சாய்ந்திருக்கும். எனக்குத் தெரிந்தது பரிஸ் அப்பார்ட்மெண்ட் சுவர்கள்தான். சுத்தியலால் தட்டினேன், வெறும் பானைச் சத்தம். ஒரு செங்கல்லை உருவினேன். கரி பொலபொலவென்று கொட்டி நிலையின் மஞ்சளை மூடியது.

"அண்ணை, இதுக்குள்ளை புகை போற குழாய். வெட்டினா மேலை நிக்கிற சிம்னி ரெண்டு வீட்டுக்கும் மேலை விழும்."

"அப்ப கொஞ்சம் தள்ளி வெட்டுமன் ஐசே! நேரம் போகுது."

சத்தம் கேட்டு நிலானி தன் வீட்டிலிருந்து சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா, எங்கையும் வெட்டேலாது. பழைய வீடெண்டு கவுன்சில் அனுமதி தரமாட்டன் எண்டு எழுதிட்டுது. மூண்டு கிழமையாச்சு."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் லா சப்பலை விட்டு வந்திருக்க மாட்டியள்."

அண்ணை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கோபத்தில் பரிஸுக்கே திரும்பிவிடுவாரோ என்று பயந்து ஜன்னலால் பார்த்தேன். படியிறங்கி, கேற்றைத் தாண்டி, வேலியைச் சுற்றி, மகள் வீட்டு வாசலில் போய் நின்றார். மணியை அடித்தார். இன்னொரு தரம் அடித்தார்.

"அப்பா என்ன செய்யிறார், மாமா?"

"உன்ரை வீட்டுக்கு வந்து நிக்கிறார், பிள்ளை. திறக்கத்தான் அங்கை ஆளில்லை. ஓடு!"

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

உருவிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்து வைத்துத் திரும்பப் பதித்தேன். சுவரில் கை வைக்கமுன் அதன் இரண்டு பக்கத்து ஆட்களிடமும் கேட்கவேண்டும். நான் அன்று படித்த தொழில் அதுதான்.

என் மகன் பரிஸுக்குப் பக்கத்தில், திரான்சியில் இருக்கிறான். எங்களுக்கு நடுவில் இடிக்கவேண்டிய சுவர் ஒன்றுமில்லை. ஆனாலும் அவனைப் பார்த்து மாதங்களாகியிருந்தன. அண்ணையை மகளோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பரிஸை நெருங்கியதும், லா சப்பல் பக்கம் திரும்பாமல், வேனை நேரே மகன் வீட்டுக்கு விட்டேன்.