தண்ணீர் சிவந்த பிறகு

கல்வராயன் மலையில் ஒரு மனிதர் ஓடையோடு போனார். அவரை அந்த ஓடைக்குள் அனுப்பியவன் நான். எனக்கு எழுபத்தாறு வயது. இனிமேலும் இதை என் ஊராரிடம் மறைத்து வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பதில் பொருளில்லை என்பதால் எழுதுகிறேன்.

உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையோரம், வடநாட்டு லாரிக்காரர்களுக்காக ஒரு சீக்கியர் தாபா நடத்திவந்தார். எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் என் ஊர். விழுப்புரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்தப் போய்வந்த காலம் முழுவதும் உளுந்தூர்பேட்டையில்தான் பஸ் மாறுவேன். காலையில் அவர் கடையில் ஒரு டீ. அப்படி முப்பது வருடப் பழக்கம். வயதான பிறகு அவர் தாபாவை விற்றுவிட்டு, வெள்ளிமலை தாண்டிக் காட்டோரம் கொஞ்சம் இடம் குத்தகைக்கு எடுத்து, ஓடு வேய்ந்த பிரார்த்தனைக் கூடம் ஒன்றும், தங்குவதற்கு நான்கு அறைகளும், ஒரு பெரிய சமையலறையும் கட்டினார். சென்னையிலிருந்து சீக்கியக் குடும்பங்கள் வந்து இரண்டு மூன்று நாள் தங்கும். அதிகாலையில் பாட்டு, பிறகு மௌனம், பிறகு எல்லோரும் சேர்ந்து சமைப்பது, பாத்திரம் கழுவுவது. மலைச்சனமும் அங்கே வந்து சாப்பிடும். அவர்கள் அதை சிங்கு மடம் என்றார்கள்.

என் மனைவி இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதைக் கேள்விப்பட்டு அவர் போன் செய்தார். "ஒரு நாள் வாங்க சார். பேச வேணாம். நாலு பாத்திரம் கழுவுங்க, தூக்கம் தானா வரும்" என்றார்.

ஐப்பசியில் ஒரு நாள் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் வாடகைக் கார் பிடித்துப் போனேன். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காற்று நின்றுவிட்டது. ஐப்பசிக்கு அது புழுக்கமான வெயில். ஒரு மரத்திலும் இலை அசையவில்லை. மேற்கே உயர்ந்த முகடுகளில் மட்டும் மை அப்பியது மாதிரி இருட்டு.

"மேல எங்கியோ ஊத்தப் போவுது சார். சீக்கிரம் கெளம்பிடணும்" என்றார் டிரைவர்.

தார்ச்சாலை ஒரு ஓடையில் முடிந்தது. முந்தைய வருட மழையில் தரைப்பாலம் உடைந்துபோய், கார் அதற்கு மேல் போகாது. மடம் எதிர்க்கரையில், சிறு மேட்டின் மீது இருந்தது. ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணலாம். என்னைக் கைபிடித்துக் கூட்டிவர ஓர் ஆளை அனுப்பியிருந்தார் நண்பர். நரைத்த மீசை, ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். என்னைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"என்னத் தெரியலீங்களா ஐயா? ஒங்க கொல்லைல கரும்பு வெட்ட எங்கப்பாகூட வருவேனுங்களே."

அவருடைய அப்பாவை நினைவிருந்தது. வருடாவருடம் வெட்டுக்காலத்தில் மலையிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவார். எங்கள் பக்கத்தில் நிலக்காரரைக் கண்டால் வேலையாட்களின் தலைத்துண்டு இறங்கிவிடும். யாரும் இறக்கச் சொல்வதில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்வதில்லை. என் நிலத்தில் பாதிக்கு மேல் விற்றாகிவிட்டது. இந்த மனிதர் கீழே வேலைக்கு வந்தே பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் துண்டு இறங்கியது. நான் அதைக் கவனித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

"பையத் தூக்கிக்கட்டுங்களா?"

"வேணாம், வண்டியிலயே கெடக்கட்டும். சாயங்காலம் போயிடுவேன். நீ கையப் புடி."

டிரைவர் வரவில்லை. "எனக்கு வேற சாமி சார். நான் வண்டில படுத்துக்கினு இருக்கேன்" என்று சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.

கூடத்து வாசலில் நண்பர் என் தலைக்கு ஒரு காவித்துணியைக் கட்டிவிட்டார். அங்கே யாரும் தலையை மூடாமல் உள்ளே போகக்கூடாது. உள்ளே, துணி விதானத்தின் கீழ் மேடைமேல் அவர்கள் உயிருள்ள குருவாகவே வணங்கும் வேதப் புத்தகம். ஒரு முதியவர் அதன் பின்னால் உட்கார்ந்து வெண்மயிர்ச் சாமரம் வீசிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ஆர்மோனியத்தோடு பாடினார்கள். ஒரு சொல் புரியவில்லை. கண்ணை மூடி உட்கார்ந்தேன். பாட்டு நின்ற இடைவெளிகளில் மேற்கே எங்கோ உருளும் சத்தம், தூரத்தில் லாரியிலிருந்து கல் கொட்டுவது போல. கூடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டடத்துக்குக் கடைக்கால் தோண்டிக் கிடந்தது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு நாய் நின்று மேற்கைப் பார்த்து ஊளையிட்டது. கல்லால் அடித்தும் போகவில்லை.

பிறகு சாப்பாடு. எல்லோரும் தரையில் ஒரே வரிசை. முதலில் வந்தவர் முதலில் உட்கார வேண்டும், இடம் தேர்ந்தெடுக்க முடியாது. எனக்கு அடுத்த இடம் அந்த மனிதருக்கு வந்தது. அவர் உட்காரப் போனவர், என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை உருவினார்.

"ஏய், தல! தல!" என்று கத்தினார் பருப்பு வாளியோடு வந்த நண்பர்.

"ஐயா எதுர்லங்க..."

"ஐயா எதிர்ல வேணாம்னா, அந்தாண்ட மேடையில இருக்கிறவர் எதிர்ல? இது டவுன் பஸ்சுப்பா. ரிசர்வேஷன் கெடையாது. எல்லாம் ஒரே சீட்டு. கட்டு!"

வரிசை சிரித்தது. ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர், அந்த மனிதரின் மனைவி, அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்: "கட்டிக்கினு துன்னுய்யா. ஒன் வழுக்கய ஐயா பாக்கலன்னு அழுதாரா?"

இன்னும் பெரிய சிரிப்பு. நானும் சிரித்தேன். அவர் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் முழங்கால் என் முழங்காலில் பட்டது. ரொட்டி வந்தபோது நான் ஒரு கையை நீட்டினேன். "ரெண்டு கையும் நீட்டணும் ஐயா. ஒத்தக் கைல வாங்கக் கூடாதுங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக் கொடுத்தார். சாப்பாடு முடியும்வரை, தலையில் துண்டோடு, நிதானமாக, ருசித்துச் சாப்பிட்டார்.

முப்பது வருடம் வகுப்பில் சமத்துவம் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். நன்றாகவே நடத்தினேன் என்று சொல்வார்கள். அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த அரைமணி நேரம் என் காது சுட்டுக்கொண்டிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பல மாதங்கள் என்னிடமே சொல்லிப் பார்த்தேன். கோபம்தான்.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கூடத்துக்குப் போனார்கள். பெண்கள் அடுப்படியில். பின்பக்கம் குழாயடியில் அவர் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். அங்கே வேறு யாரும் இல்லை. நான் போய் நின்றேன்.

"வண்டில என் பையில மாத்திரை இருக்கு. போய் எடுத்தா."

அவர் எழுந்து ஓடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "தண்ணி செவந்துகினு வருதுங்க ஐயா. மேல பேஞ்சிருக்கு. செத்த நேரம் பாத்துட்டுப் போவட்டுங்களா?"

நானும் பார்த்தேன். காலையில் கூழாங்கல் தெரிந்த நீர் செங்கல் கரைத்தது போலிருந்தது. ஆனால் அளவு கூடவில்லை. எங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"சக்கரை மாத்திரைடா. போடலன்னா மயக்கம் வரும்."

அது பொய். அன்றைய மாத்திரையைக் காலையிலேயே வீட்டில் போட்டிருந்தேன்.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "சரிங்க" என்றார். தலைத்துண்டை உருவி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார். என் மனம் அப்போதுதான் அடங்கியது. அந்த நிம்மதியை நான் மறந்துவிட்டதாகப் பாவனை செய்ய முடியாது.

நான் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் தரை அதிர்வது போலிருந்தது. இடி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்புறம் எதிர்க்கரையிலிருந்து டிரைவரின் அலறல். ஓடினோம். ஓடை இருந்த இடத்தில் ஓடை இல்லை. முழு மரங்களும் பாறைகளும் புரண்டுவரும் ஒரு சிவப்புச் சுவர் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் கையை ஆட்டிக் கத்தியதில் ஒரு சொல்லும் புரியவில்லை. நீர் வற்றி அவர் இந்தப் பக்கம் வந்த பிறகுதான் சொன்னார்: நடு ஓடையில் ஓர் ஆளைப் பார்த்தேன், அடுத்த நிமிடம் காணோம்.

மறுநாள் வெகுதூரம் கீழே, பாறைகளுக்கு நடுவில் கண்டெடுத்தார்கள்.

அவர் எதற்கு ஓடையில் இறங்கினார் என்று போலீஸ்காரர் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவருடைய மனைவி எல்லோரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவர் என்னிடம் வந்தபோதும் தலையைத்தான் ஆட்டினேன்.

நான் பேசாமல் இருந்ததில் இன்னொரு கேடு வளர்ந்தது. தண்ணீர் சிவந்தால் மலைக்காரர் யாரும் கால் வைக்க மாட்டார். அது அங்கே குழந்தைக்கும் தெரியும். அப்படியிருக்க, அவர் தானாக இறங்கியிருக்க முடியாது. யாரோ மந்திரம் போட்டு மதியைக் கட்டியிருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. தோண்டிக் கிடந்த கடைக்கால் எல்லோர் கண்ணிலும் பட்டது. புதுக்கட்டடத்துக்கு சிங்கு காவு கொடுத்துவிட்டான் என்றார்கள். ரொட்டி சுட வந்த பெண்கள் வராமல் நின்றார்கள். சாப்பிட வந்தவர்கள் நின்றார்கள். ஒரு காலையில் அடுப்புக்குள் யாரோ மண்ணைக் கொட்டியிருந்தார்கள். சில வாரங்கள் தாங்கிப் பார்த்துவிட்டு, நண்பர் புத்தகத்தைப் பட்டுத்துணியில் சுற்றித் தலைமேல் சுமந்துகொண்டு, செருப்பில்லாமல் அந்த ஓடையைக் கடந்து போனார். வடக்கே மகன் வீட்டுக்கு.

போகுமுன் போனில் கேட்டார். "சார், நீங்க படிச்சவர். என் மேல ஏதாவது தப்பு இருக்கா? அவர் ஏன் போனார் சார்?"

"விதி" என்றேன் நான்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆன பின் நானே அவருக்குப் போன் செய்து, அனுப்பியது நான்தான் என்றேன்.  "எனக்குச் சொல்லி இன்னா சார் ஆவப் போவுது? அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார். உளுந்தூர்பேட்டையில் கற்ற தமிழ் அவர் வாயில் அப்படியே இருந்தது.

போனேன். பஸ்ஸில் வெள்ளிமலை போய், அங்கிருந்து ஜீப்பில். பிரார்த்தனைக் கூடத்தின் ஓடுகள் சரிந்து கிடந்தன. கடைக்கால் பள்ளத்தில் பச்சையாக நீர் தேங்கியிருந்தது. அந்தப் பக்கமாக யாரும் நடப்பதில்லை என்பது புல்லைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தம்மா தன் வீட்டெதிரே பாறைமேல் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார்.

நின்றபடியே சொன்னேன். மாத்திரை எடுத்துவர நான்தான் அனுப்பினேன் என்றேன்.

அவர் அழவில்லை. சாமையைத் துழாவிய கை மட்டும் நின்றது. "அதான் போயிருக்காரு" என்றார். "நீங்க சொல்லவேதான் போயிருக்காரு. வேற யாரு சொல்லியும் எறங்கியிருக்க மாட்டாரு." பிறகு கொல்லையில் இருந்த கொழுந்தனைக் கூப்பிட்டார். அவர் வந்ததும், "இன்னொருக்கா சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். கொழுந்தன் ஊர்ப் பெரியவரை அழைத்துவந்தார். "இவருக்குஞ் சொல்லுங்க." சொன்னேன். ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஒவ்வொரு முறையும் மாத்திரை என்ற இடத்தில் நிறுத்தினேன். ஒரு நோயாளிக் கிழவன், அவசரத்துக்கு அனுப்பினான் என்று அவர்கள் எண்ணும்படி இருந்தது அது.

கடைசியாக மகள் வந்தார், இடுப்பில் கைக்குழந்தையோடு. அவருக்கும் சொன்னேன்.

"மாத்திரை போடலன்னா செத்துருப்பீங்களா?" என்று கேட்டார். ஏளனமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்லம்மா. காலையிலயே போட்டுட்டேன்."

"அப்ப இன்னாத்துக்கு அனுப்புனீங்க?"

"உங்கப்பா தலையில துண்டோட எம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டார். அது எனக்குப் பொறுக்கல. அதுக்காக."

 குழந்தை ஏதோ சிணுங்கியது. கொழுந்தன் ஓர் அடி முன்னால் வந்தார். பெரியவர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"சிங்குக்குப் போனப் போடுங்க" என்றார் அந்தம்மா.

என் போனில் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நாந்தான்" என்றார். "நாங்க ஒங்களப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டம்ணே. அடுப்புல மண்ணக் கொட்டுனதும் நாந்தான்." அப்போதுதான் அழுதார். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் பேசினார்கள்.

பேசி முடித்ததும் கையை நீட்டினேன். அந்தம்மா போனை என் கையில் தரவில்லை. கீழே, சாமைக்குப் பக்கத்தில், பாறைமேல் வைத்தார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன்.