முந்தானையை உதறிக் காட்டுதல்

விசாரணை நடத்தும் காவல் அலுவலர் ஒரு பெண்ணை, அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 160ஆம் பிரிவு. புதிய சட்டத்தில் 179. எண் மாறியிருக்கிறது. கடைப்பிடிக்காத வழக்கம் மாறவில்லை.

பொங்கல் கழிந்த வாரத்தில் என் தங்கை வசந்தாவைக் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். காலை பத்து மணிக்குப் போனவள் மாலை ஆறரைக்குத் திரும்பினாள். இடையில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. "அடிக்கலையே, அப்புறம் என்ன?" என்று பிற்பாடு நாலைந்து பேர் என்னிடம் கேட்டார்கள்.

நான் மாவட்ட அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அன்று காலை வசந்தா போன் செய்து, "அக்கா, ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாங்க. போகவா?" என்று கேட்டபோது பிரிவு எண் எனக்கு நன்றாக நினைவில் இருந்தது. "போய் கேக்கறதுக்குப் பதில் சொல்லிட்டு வா. சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றேன். விதிப் புத்தகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, எது சீக்கிரம் முடியுமோ அதைச் செய்தே பழகிய வாய். இந்தக் கட்டுரையில் அருவருப்போடு குறிப்பிட வேண்டிய ஆட்கள் சிலர் உண்டு. முதல் ஆள் நான்.

எங்கள் வீட்டில் படித்து உத்தியோகத்துக்குப் போனது நான் மட்டும். வசந்தா நாலு வீடுகளில் வேலை செய்துவந்தாள். அவற்றில் ஒன்று, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவரின் வீடு. அங்கே ஒன்பதாவது வருடம். அந்த அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியைக் காணவில்லை என்றதும் சந்தேகத்துக்கு வேறு பெயரே தேவைப்படவில்லை.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கிளம்பும்போது நிலைப்படியில் நின்று முந்தானையை ஒரு தடவை உதறிக் காட்டுவார்கள். கைப்பையைத் திறந்து சாய்த்துக் காட்டுவார்கள். யாரும் கேட்பதில்லை. கேட்பதற்கு முன்னால் காட்டிவிட வேண்டும் என்று, வேலைக்குச் சேரும் நாளிலேயே மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கார அம்மா, "அதெல்லாம் எதுக்கு வசந்தா?" என்பார். சொல்லும்போதே கண் ஒருமுறை பைக்குள் போய்விட்டு வரும்.

என் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணும் உதறிவிட்டுத்தான் போவாள். வசந்தாவுக்கு நோய் வரும்வரை அதைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பார்க்காமல் இருந்திருக்கவும் வழியில்லை.

சங்கிலி மூன்றாம் நாள் கிடைத்தது. பீரோவில், பட்டுப்புடவை மடிப்புக்குள். தலைமையாசிரியை எனக்குப் போன் செய்தார். "கெடச்சிருச்சுங்க. நீங்களும் கவர்ன்மெண்ட்ல இருந்தவங்க, உங்களுக்குத் தெரியாததா? சொன்னா அவங்க விசாரிக்கத்தானே செய்வாங்க. நாளைலேர்ந்து வரச் சொல்லுங்க, பாத்திரம் அப்படியே கெடக்கு." மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அதற்குப் பதில் அரைக் கிலோ பாதுஷா வந்தது.

வசந்தா மறுநாள் வேலைக்குப் போனாள்.

முதல் அறிகுறியை நான் மாசி மாதத்தில் என் வீட்டு வாசலில் பார்த்தேன். என்னைப் பார்க்க வந்தவள், கிளம்பும்போது நிலைப்படியில் நின்று முந்தானையை உதறினாள். பையைத் திறந்து காட்டினாள். மறுபடி உதறினாள். மூன்றாம் முறை உதறியபோது நான் அவள் கையைப் பிடித்தேன்.

"என்னடி இது, என் வீட்டுல?"

"ஒண்ணுமில்லக்கா. கை அதுபாட்டுக்குப் போகுது."

அடுத்த சில வாரங்களில் ரேஷன் கடையில் உதறினாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படியில் நின்று உதறி, கண்டக்டரிடம் திட்டு வாங்கினாள். சொந்த வீட்டை விட்டுக் கிளம்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாப்பாடு குறைந்தது. ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. எல்லா வீட்டுக்கும் தாமதமாகப் போனதால் இரண்டு வீடுகளில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியை வீட்டுக்கு அவளாகவே போவதை நிறுத்தினாள். மிச்சமிருந்த நாலாவது வீட்டார், "இவளுக்கு என்னமோ புடிச்சிருக்கு" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். சங்கிலி கிடைத்துவிட்ட செய்தியை மட்டும் அந்தத் தெருவுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் அவளாகவே சொன்னாள். "அன்னிக்கு மட்டும் நான் சரியா உதறாம வந்துட்டேனோ, அக்கா? சரியா உதறியிருந்தா அந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்காதுல்ல?"

திருடாத ஒருத்தி, திருடவில்லை என்று காட்டியதில் தன் பக்கம் குறை வந்துவிட்டதாக நினைத்துக் குமைந்துகொண்டிருந்தாள். நோய் அந்த இடத்தில் குடியிருந்தது.

பங்குனித் தொடக்கத்தில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். சீட்டு எழுதும் இடத்தில் இருந்தவர் தொழில் என்ன என்று கேட்டார். "வீட்டு வேலை" என்றாள் வசந்தா. அவர் தலை நிமிராமல் 'இல்லத்தரசி' என்று எழுதினார். அடித்துத் திருத்தச் சொல்லி நான் நின்றுகொண்டேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"விடுக்கா" என்றாள் வசந்தா. "நாலு வீட்டுக்கு அரசியா இருந்தவதானே."

அந்த வருடத்தில் அவள் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. அடித்துத் திருத்திய பிறகுதான் நகர்ந்தேன்.

மருத்துவர் இளம்பெண். அவசரப்படாமல் கேட்டார். "எத்தனை தடவ உதறினா மனசு அடங்குது?"

"முன்னெல்லாம் மூணு. இப்ப எத்தனை உதறினாலும் அடங்கலீங்க."

எண்ணச் சுழற்சி நோய் (வேண்டாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்குவதற்காக ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) என்றார். கூடவே மனச்சோர்வு (உறக்கம், பசி, ஈடுபாடு எல்லாம் வாரக்கணக்கில் குன்றிப்போவது). மாத்திரை எழுதினார். பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். அறையை விட்டு வெளியேறும்போது வசந்தா அவர் வாசலிலும் நின்று உதறினாள். மருத்துவர் தடுக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"'நீ எடுக்கலடி'ன்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவ சொல்றீங்கம்மா?"

"கேக்கும்போதெல்லாம் சொல்றேன். பத்துப் பதினஞ்சு தடவ இருக்கும்."

"அதுவும் உதறல்தான். அவங்களுக்காக நீங்க உதறுறீங்க. ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் அடுத்த தடவ கேக்கணும்னு தோணும். இனிமே சொல்லாதீங்க."

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், மாத்திரை வாங்கித் தருவது இதில் எளிய பகுதி என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் கடினம்.

பயிற்சி ஒன்றும் கொடுத்தார்கள். வாசலைத் தாண்ட வேண்டும், உதறக் கூடாது. பத்து நிமிடம் அந்தப் பதற்றத்தோடேயே நிற்க வேண்டும். பதற்றம் ஏறும், பிறகு தானே இறங்கும். வசந்தாவை என் வீட்டோடு வைத்துக்கொண்டேன். சமையலறைக் கடிகாரத்தைக் கழற்றி வாசல் சுவரில் மாட்டினேன். முதல் நாள் நாலாவது நிமிடத்தில் அவளுக்கு வியர்த்து முதுகு நனைந்தது. இரண்டு கையாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, உதறவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றாள்.

"ஸ்டேஷன்ல உக்காரவாவது வச்சாங்க. நீ நிக்க வைக்கிறியே" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லக் கூடாது என்பது ஒரு விதத்தில் எனக்கு வசதியாகவும் இருந்தது.

என் மனம் சும்மா இருக்கவில்லை. அவள் மேல் புகார் இருந்ததா, இருந்தால் அது முடித்துவைக்கப்பட்டதா என்று எழுத்தில் வாங்கிவிட வேண்டும் என்று தோன்றியது. பங்குனிக் கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி வசந்தாவிடம் கையெழுத்து வாங்கி, பதிவுத் தபாலில் மனு அனுப்பினேன். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை. மேல்முறையீடு செய்தேன். அதற்கு அதிகபட்சம் நாற்பத்தைந்து நாள். நடுவில் நினைவூட்டு ஒன்று, அதற்கு மறு நினைவூட்டு ஒன்று. காலை எழுந்ததும் ஒப்புகை அட்டைகளை எடுத்து ஒரு தடவை பார்ப்பேன். மத்தியானம் தபால்காரர் போன பிறகு இன்னொரு தடவை.

மருத்துவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் மகிழவில்லை. "லெட்டர் வந்தா குணமாயிடும்னு அவங்ககிட்டச் சொல்லிடாதீங்கம்மா. லெட்டர் வந்தா, அது ஒரிஜினல்தானான்னு கேள்வி வரும்."

வீட்டுக்கு வந்ததும் வசந்தா என் கோப்பைப் புரட்டிப் பார்த்தாள். "நான் உதறிக்கிட்டே இருக்கேன், நீ எழுதிக்கிட்டே இருக்கே. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரில உனக்கும் ஒரு சீட்டு போட்டுரலாம், அக்கா."

சிரித்துவிட்டு, இரண்டாம் நினைவூட்டின் நகலைக் கோப்பில் சேர்த்தேன்.

வைகாசியில் அவள் பத்து நிமிடம் நிற்கத் தொடங்கினாள். சில நாள் நின்றாள், சில நாள் ஆறாம் நிமிடத்தில் கை தோற்றது. ஆனியில் எங்கள் ஊர்க் கால்வாயான புதாற்றில் தண்ணீர் வந்தபோது, கடிகாரத்தைப் பார்க்காமலே வாசலைத் தாண்டினாள். உடம்பில் சதை பிடித்தது. மாத்திரையால் காலையில் வாய் உலர்கிறது என்ற ஒரு குறைதான் மிச்சம். வேலைக்குப் போக வேண்டும் என்றாள். நான் வேண்டாம் என்றேன். "உன் வீட்டுல உக்காந்து எத்தனை நாளைக்குச் சுவத்தப் பாக்கறது?" என்றாள்.

கடைத்தெருப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம். கணவர் துபாயில். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். வசந்தா அங்கே தன் நோயைத் தானே சொல்லிச் சேர்ந்தாள். முதல் நாள், வேலை முடியும் நேரத்துக்கு நான் தெருமுனையில் போய் நின்றேன். உளவு பார்ப்பதுதான், வேறு பெயர் வேண்டாம்.

கதவு திறந்தது. வீட்டுக்காரப் பெண் உள்ளே இருந்தபடி, "நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வந்துருங்க வசந்தாக்கா" என்று குரல் கொடுத்தார். வசந்தா நிலைப்படியில் நின்றாள். வலது கை முந்தானைக்குப் போனது. அவள் முந்தானையை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, படி இறங்கி வந்தாள்.

முந்தானைக்கு அப்படியும் ஓர் உபயோகம் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆடிப்பெருக்கன்று இருவரும் ஆற்றங்கரைக்குப் போனோம். கூட்டத்திலிருந்து வெளியே வரும்போது அவள் கையை நான் பார்க்கவில்லை. கூட்டத்தைத் தாண்டப் பிடித்த பத்து நிமிடமும் பார்க்காமலிருந்தேன். நாற்பத்தைந்து நாள் என்பதைப் போகிற போக்கில் எழுதிப் பழகியவளுக்குப் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லித்தந்ததில்லை.

மறுநாள் தபால் வந்தது. ஒரே தாள். மனுதாரர்மீது அவர் குறிப்பிடும் நாளில் இந்நிலையத்தில் புகார் ஏதும் பெறப்படவில்லை, அவர் விசாரணைக்கு அழைக்கப்படவும் இல்லை என்று எழுதியிருந்தது. கீழே ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வசந்தாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அவள் செருப்பை மாட்டியபடி கேட்டாள். "அப்ப அன்னிக்குப் பூராவும் நான் எங்கக்கா இருந்தேன்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நான் தாளை மேசைமேல் வைத்து, அலுவலகப் பழக்கப்படி வலது மூலையில் எழுதினேன்: பெறப்பட்ட நாள், ஆடி 19.