கிளிக் பண்ணுவாங்களா, மேடம்?

ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய நான், கல்லூரியில் பாடம் எடுத்ததைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னித்துவிடுங்கள். நம்மால் முடியுமா என்று வகுப்பு வாசலில் தயங்கி நிற்கும் ஒருவருக்காவது உதவுமே என்று எழுதுகிறேன்.

1. முதல் நாள்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். எச்.டி.எம்.எல். கற்றுக்கொண்டு சிறு கம்பெனிகளுக்கு வெப்சைட்டும் செய்து கொடுப்பேன். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு எல்லோரும் வெப்சைட் கேட்க ஆரம்பித்திருந்த நேரம் அது. பக்கத்துக் கல்லூரியின் இதழியல் துறையில் வெப் டிசைன் எடுத்தவர் ஐடி கம்பெனிக்குப் போய்விட, துறைத் தலைவரே கடைக்கு வந்தார். செய்திப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். சுற்றி வளைத்துப் பேச மாட்டார்.

"இந்த செமஸ்டர் பாப்போம்மா. பசங்க கடைசியில ஒரு நியூஸ் சைட் செஞ்சு காட்டணும். படிக்கிற மாதிரி இருந்தா நீங்களும் இருப்பீங்க, இந்தப் பாடமும் இருக்கும். இல்லன்னா ரெண்டையும் எடுத்துடுவேன்."

எனக்கு அந்த வேலை வேண்டும் என்றிருந்தது. நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. பேசத்தான் கூச்சம்.

முதல் நாள் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கடைசி வரிசையில் பொழிச்சலூரிலிருந்து வரும் செல்வின் சொன்னான்:

"மேடம், வாய்ஸுக்கு ஃபான்ட் சைஸ் கொஞ்சம் ஏத்துங்க. எட்டு பாயின்ட்ல கீது."

எல்லோரும் சிரித்தார்கள். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். 'எனக்குச் சத்தமாகப் பேச வராது' என்பதை ஆங்கில எழுத்தில் நோட்பேடில் அடித்து, பிரவுசரில் திறந்தேன். புரொஜெக்டர் வழியாகச் சுவரில் பொடி எழுத்தில் விழுந்தது. பிறகு அந்த வரிக்கு முன்னும் பின்னும், எழுத்தைத் தலைப்பு அளவுக்குப் பெரிதாக்கும் எச்-ஒன் டேக் போட்டு ரெஃப்ரெஷ் கொடுத்தேன். அதே வரி தலைப்புச் செய்தி மாதிரி சுவரை அடைத்துக்கொண்டு நின்றது.

"இப்ப கேக்குது மேடம்" என்றான் செல்வின்.

அன்று முதல் பாடம் அப்படியே நடந்தது. நான் டைப் செய்வேன், அவர்கள் சுவரைப் பார்ப்பார்கள்.

2. நான்கு பத்தி

சைட்டைத் துறைத் தலைவர் பார்க்க வேண்டிய வாரம் வந்தது. பிள்ளைகள் நன்றாக உழைத்திருந்தார்கள். பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் பஸ் போதாதது பற்றி நிஷா எழுதியிருந்தாள். கோவளம் மீன் விற்பனை பற்றி செல்வின் எழுதியிருந்தான். ஆனால் எல்லாவற்றையும் டேபிள் என்ற கட்டம் போட்டு, அச்சுப் பேப்பர் மாதிரியே அருகருகே நிற்கும் நீளமான நான்கு பத்திகளாக ஒரே பக்கத்தில் அடைத்திருந்தார்கள். அடியில் 'தொடர்ச்சி 4-ஆம் பக்கம்' என்றும் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு பக்கமே சைட்டில் இல்லை.

"இப்படி வேணாம்ப்பா" என்றேன்.

"பேப்பர்னா இப்படித்தான் மேடம்" என்றாள் நிஷா. "ரெண்டு வருஷமா எங்களுக்கு லேஅவுட் சொல்லிக்குடுத்திருக்காங்க."

வாதாட எனக்கு வராது. மவுஸை நிஷாவிடம் கொடுத்து, செல்வினைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ஒரு பத்தி முடிய நிஷா அடிவரை உருட்டினாள். அடுத்த பத்திக்கு மறுபடி உச்சிவரை ஏற்றினாள். மூன்றாவது பத்தியில் செல்வின் வரியைத் தவறவிட்டு, கோவளத்து மீனைப் பெரும்பாக்கம் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

"இன்னா நிஷா, லிஃப்ட் ஆபரேட்டர் வேலையா?" என்று யாரோ கேட்க, அவளே சிரித்துவிட்டாள்.

முதல் பக்கத்தில் தலைப்பும் இரண்டு வரியும் மட்டும் வைப்பது, முழுச் செய்தியைத் தனிப் பக்கத்தில் போட்டு லிங்க் கொடுப்பது என்று டைப் செய்து காட்டினேன். செல்வினுக்கு முகம் வாடிவிட்டது. விடியற்காலையில் கோவளம் போய் எழுதிக்கொண்டு வந்த செய்தி அது.

"முதல் பக்கத்துல வந்தாத்தான் கண்ணுல படும். உள்ள போட்டா யாராவது கிளிக் பண்ணுவாங்களா, மேடம்?"

"எனக்குத் தெரியாதுப்பா. லிங்க் போட எனக்குத் தெரியும். தலைப்பு வைக்க உங்களுக்குத்தான் தெரியும்."

அவன் போய் உட்கார்ந்து தலைப்பை அடித்து அடித்து எழுத ஆரம்பித்தான். மற்றவர்களும் அவனைப் பார்த்துத் தங்கள் தலைப்புகளைத் திருத்தினார்கள்.

3. துறைத் தலைவர்

துறைத் தலைவர் லேபுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதல் பக்கத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"என்னப்பா, எல்லாம் ரெண்டு ரெண்டு வரி. மீதி எங்க?"

அவர் மவுஸை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பிறகு 'கரைக்கு வந்த மீனுக்கு விலை வைப்பது யார்?' என்ற தலைப்பின் மேல் நிறுத்தி அழுத்தினார். அந்தச் செய்தியைக் கடைசி வரி வரை படித்தார். திரும்பி வந்து அடுத்ததையும் அழுத்தினார்.

"யாரு வைக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்காம விட முடியல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த செமஸ்டரும் வாங்கம்மா. கொஞ்சம் சத்தமா மட்டும் பேசுங்க" என்றார்.

"வேணாம் சார், எச்-ஒன் கீது" என்றான் செல்வின்.

நான் கற்றது இதுதான்: தெரிந்ததைக் காட்டினால் போதும். தெரியாததை அதைத் தெரிந்த பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.

மறுநாள் லேபில் கரண்ட் இல்லை. பாடத்தை வாயால்தான் நடத்தினேன்.