உச்சிப்புளிச் சாலையில் அலைந்த கார்

மதுரையில் பி.ஏ. தேறியவன் நான். முப்பத்திரண்டு வயதிலேயே இராமநாதபுரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி நிர்வாகக் குழுவின் செயலாளனாக இருந்தேன். சொந்தமாகக் கார் வைத்திருந்த மிகச் சிலரில் ஒருவன். பஞ்சாயத்துகளில் என் சொல்லுக்கு மறுசொல் எழுந்ததில்லை. பின்னர் வந்த பழி எத்தகையது என்பது விளங்கவே இதைக் குறிப்பிடுகிறேன்.

என் தங்கைக்கு உச்சிப்புளிப் பக்கம் ஒரு வரன் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. ஒரு முற்பகலில் நான் மண்டபத்துக்குக் கார் ஓட்டிச் சென்றதை மாப்பிள்ளையின் தகப்பனார் சாலையோரம் நின்று பார்த்திருக்கிறார். போருக்கு முந்தைய அந்தக் கார் வலமும் இடமுமாக அலைந்து, ஒரு பனையில் மோதாமல் மயிரிழையில் தப்பியது. அன்று மாலையே தரகர் வந்து, அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: “மதுவிலக்கு இருக்கையிலயே பட்டப்பகல்ல குடிச்சிட்டு வண்டி ஓட்டுறவுக வீட்டுல எங்களுக்குச் சம்பந்தம் வேணாம்.”

ஸ்டியரிங்கில் ஆட்டம் இருந்ததை நான் அறிவேன். அதைக் கால் வட்டம் திருப்பிய பிறகே முன்சக்கரங்கள் அசைந்தன. காருடன் வந்த ஆங்கிலக் கையேட்டைப் படித்து, ஸ்டியரிங் பெட்டியின் திருகை இறுக்குமாறு மெக்கானிக்குக்கு ஆணையிட்டவனும் நானே. இறுக்கியபின் ஸ்டியரிங் கனத்தது. ஆட்டம் மட்டும் போகவில்லை.

மறுவாரம் பள்ளி அலுவலாக மீண்டும் மண்டபம் போக நேர்ந்தது. துறையருகே காரை நிறுத்தினேன். சரக்குத் தோணி ஒன்றின் சுக்கான் பிடிக்கும் முதியவர், எனக்கு முகப்பழக்கமுள்ள முஸ்லிம் பெரியவர், சிரித்துக்கொண்டே வந்தார்.

“என்ன தம்பி, நண்டு மாதிரி வாரீக? சுக்கான் ஆடுதா?”

வண்டியைக் குறை சொன்ன முதல் மனிதர் அவர்தாம். மற்றவரெல்லாம் என்னைச் சொன்னார்கள். பெட்டியைப் பற்றிக் கையேடு கூறுவதை விளக்கினேன்.

“பெட்டி கிடக்கட்டும் தம்பி. நீங்க உள்ள உக்காந்து சுக்கான லேசா ஆட்டுங்க. தொட்டில் ஆட்டுற மாதிரி.”

ஆட்டினேன். அவர் மணலில் மல்லாந்து வண்டியடியில் நுழைந்தார். கண்களை மூடிக்கொண்டு, பெட்டியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“கண்ணை மூடினால் எப்படித் தெரியும், பாய்?” என்றேன்.

“கடல்ல நிக்கையில சுக்கான் ஆடுனா ஒருத்தன் மேல நின்னு ஆட்டுவான், ஒருத்தன் முங்கிப்போய்த் தடவுவான். கலங்கல் தண்ணியில கண்ணு என்னத்தப் பாக்கும்?” சற்றுப் பொறுத்து, “இங்கனதான். இதுவரைக்கும் அசைவு வருது, இதுக்கு அங்கிட்டுப் போகல. நீங்களே வந்து தொடுங்க” என்றார்.

துறையில் பலர் பார்த்து நின்றனர். என் ஜிப்பா கஞ்சியிட்டு வெளுத்தது. தயங்கினேன்.

“தங்கச்சி கலியாணம் பெருசா, ஜிப்பா பெருசா?” என்றார். பேச்சு மண்டபம் வரை எட்டியிருந்தது.

படுத்தேன். அவர் உள்ளே அமர்ந்து ஆட்டினார். என் உள்ளங்கைக்குள் பெட்டியிலிருந்து வந்த தண்டு நகர்ந்தது. மூட்டுக்குள்ளிருந்த இரும்புக் குண்டு அசையாது கிடந்தது. ஒரு கணம் கழித்தே ‘டொக்’கென்று உடன் சென்றது. நகக்கனம்கூட இராத இடைவெளி! ஒரு காரையும், ஒரு குடும்பத்தின் பெயரையும் சாலையைவிட்டுத் தள்ளியது அதுதான். நூல் பயின்ற என் கண்கள் பலமுறை அதன்மேல் பட்டும் அறியாததை, கார் ஓட்டியே அறியாத ஒருவரின் கை கால்மணி நேரத்தில் கண்டது. எழுந்திருக்க மனமின்றி மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்த்தேன்.

மூட்டின் மூடியைப் பிடித்திருந்த ஊசி உப்புக்காற்றில் துருவேறி விழுந்திருந்தது. மூடி தானே மெல்லத் தளர்ந்திருந்தது. அவர் அதைத் தோணியிலிருந்து கொண்டுவந்த உளியால் திருகி இறுக்கினார். “ரொம்ப இறுக்குனா மூட்டு திரும்பாது” என்று இம்மியளவு தளர்த்தி, புதுக் கம்பி ஊசி கோத்தார். நான் இறுக்கச் செய்த பெட்டித் திருகையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்.

திரும்பும் வழியில், மணல் படிந்த ஜிப்பாவோடு மாப்பிள்ளையின் தகப்பனார் வீட்டில் இறங்கி, நடந்ததைச் சொல்லி, அவரைக் காரில் ஏறச் சொன்னேன். மண்டபம் வரை போய் வந்தோம். கார் நூல் பிடித்தாற்போல் சென்றது. இறங்கும்போது, “தையிலயே நாள் பாத்திருவோம்” என்றார்.

தங்கையின் திருமணத்துக்காக நான் குடியைக் கைவிட்டதாக உறவினர் சிலர் இன்றும் சொல்லி வருகின்றனர். நான் ஒருநாளும் குடித்ததில்லை. காரில் ஒரு மூட்டு தளர்ந்திருந்தது.