சோணைமுத்து அண்ணன் உடைத்த பெட்டி

என் பெரியம்மா மகன் சோணைமுத்து அண்ணன் திருத்தங்கலில் பட்டாசு லோடு ஏற்றும் கம்பெனியில் கிளீனர். ஷெட்டுக்குள் எந்த வண்டியையும் பின்னால் எடுத்து நூல் பிடித்தாற்போல் நிறுத்துவார். ரோட்டில் ஓட்டத்தான் லைசென்ஸ் இல்லை. எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டுமாம். இவர் ஐந்தோடு நின்றவர்.

2008-ல் தனித்தேர்வு எழுதினார். கணக்கில் மட்டும் போய்விட்டது. “தீபாவளி சீசனுக்குப் புது லோடு வேன் வருது. லைசென்ஸ் இருந்தா உனக்கு, இல்லைன்னா வெளியாளுக்கு” என்று முதலாளி சொல்லிவிட்டார். அதற்குள் இன்னும் ஒரு தேர்வுதான் பாக்கி.

ஷார்ஜாவிலிருந்து போன் செய்தேன். மதினி வள்ளித்தாய் எடுத்தார்.

“எல்லாம் வருது தம்பி. கலப்புப் பின்னத்துல கழிக்கிறது மட்டும் வரமாட்டேங்கு. அஞ்சே கால்ல ரெண்டே முக்கால் போனா மூணரைங்காக.”

பின்னாலிருந்து அண்ணன் கத்தினார்: “அஞ்சுல ரெண்டு போனா மூணு. முக்கால்ல கால் போனா அரை. இதுல என்ன தப்பு?”

“கால்லருந்துல்ல முக்கால் போகணும்!”

“காலுக்குள்ள முக்கால் எங்கன இருக்கு? இருக்கதுலருந்துதான எடுக்க முடியும்?”

போனை வைத்த பிறகும் எனக்கு அந்த வேன் போய்விடுமோ என்றே இருந்தது.

மறு வாரம் வெம்பக்கோட்டையில் ஒரு கடைக்குச் சரக்கு இறக்கினார்கள். பெட்டிக்கு நாலு கட்டு. வண்டியில் இருந்தது ஐந்தே கால் பெட்டி. கடைக்காரர் கேட்டது இரண்டே முக்கால். அண்ணன் இரண்டு பெட்டியை இறக்கிவிட்டுப் பார்த்தார். உதிரியாக ஒரு கட்டுதான் கிடந்தது. வழக்கம்போல ஒரு முழுப் பெட்டியின் கயிற்றை அறுத்தார். அறுத்த கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

“ஏலே எட்டாங்கிளாஸு கலெக்டரே!” டிரைவர் கண்ணுச்சாமி கீழேயிருந்து கத்தினார். “பெட்டிய உடைச்சிட்டு என்னத்த முழிக்க? சூலக்கரை கலெக்டர் ஆபீஸ்ல உனக்கு நாற்காலி போட்டுட்டாகளா?”

“அண்ணாச்சி, அஞ்சு கட்டு இருக்கு!”

“நாலும் ஒண்ணும் அஞ்சுதாம்லே. வெயிலு தலைக்கு ஏறிருச்சா?”

மூன்று கட்டை எடுத்துக் கொடுத்தார். வண்டியில் மிச்சம் இரண்டு பெட்டி, இரண்டு கட்டு. இரண்டரை. மூன்றரை இல்லை. சீசன் தவறாமல் கை செய்துவந்த வேலையைத்தான் காகிதத்தில் செய்யாமல் விட்டிருந்தார்.

தேர்வில் எட்டே ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றே ஐந்தில் நான்கைக் கழிக்கச் சொன்னார்கள். பெட்டிக்கு ஐந்து கட்டு என்று வைத்துக்கொண்டு ஒரு பெட்டியை உடைத்தார். ஏழு பெட்டி, ஆறு கட்டு. கொடுத்தது போக நாலு பெட்டி, இரண்டு கட்டு. நாலே ஐந்தில் இரண்டு என்று அழுத்தி எழுதினார். பேனா முனையே வளைந்துவிட்டதாம்.

தேறினார். லைசென்ஸும் வந்தது. புது வேனின் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தது கண்ணுச்சாமிதான். வைத்துவிட்டு இடப்பக்கம் கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாராம்.

“டிரைவர் சார், லோடு பத்திரம். இதையும் உடைச்சிப் பாத்துராதீக!”

அப்போது நான் போனில்தான் இருந்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது கேட்கவில்லை. அடுத்து வந்த ஹாரனில் காதே அடைத்துக்கொண்டது.

“கேட்டுச்சா தம்பி? உங்க அண்ணன் வண்டி!” என்றார் மதினி.